உலுக் பெக்கின் வானாய்வகமும் ஒரு வக்பு உறுதியும்

சில மாதங்களுக்கு முன்னர் எங்களது ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சொந்தமான காணியொன்றின் எல்லை தொடர்பாகப் பிரச்சினை வந்தது. பழைய உறுதியைத் தேடி நிர்வாக சபையினரோடு நானும் அலுமாரியைக் கிளறினேன். கிடைத்த கட்டில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. எல்லைகள் எழுதப்பட்டிருந்த பக்கம் இல்லவே இல்லை. அன்றிரவு வீடு திரும்பியபோது, எப்போதோ படித்த உலுக் பெக்கின் வரலாறுதான் மனதில் ஓடியது. அவருடைய வானாய்வகம் உலகத்துக்குத் திரும்பக் கிடைத்ததும் ஒரு வக்பு ஆவணத்தால்தான்.

உலுக் பெக்கின் இயற்பெயர் முஹம்மத் தாரகாய். 1394ஆம் ஆண்டு பாரசீகத்தின் சுல்தானியாவில் பிறந்தார். உலகை நடுங்க வைத்த தைமூர் அவரது பாட்டனார். தந்தை ஷாருக், தாய் கவ்ஹர் ஷாத். தந்தை தலைநகரை ஹெராத்துக்கு மாற்றிக்கொண்டதும், 1409இல் சமர்கந்தின் ஆட்சி பதினைந்து வயதான இந்த மகனின் கைக்கு வந்தது.

பாட்டனார் நாடுகளைப் பிடித்தார். பேரனுக்கு அதில் நாட்டமும் இல்லை, திறமையும் குறைவு. 1427இல் உஸ்பெக்குகளுடனான போரில் படுதோல்வி கண்டார். அவரது மனம் முழுக்கக் கணிதத்திலும் வானியலிலுமே இருந்தது. 1417இல் தொடங்கி 1420இல் அவர் கட்டி முடித்த மத்ரஸா சமர்கந்தின் ரெஜிஸ்தான் சதுக்கத்தில் இன்றும் நிற்கிறது. காழிஸாதா அர்ரூமி அங்கு பாடம் நடத்தினார். காஷானிலிருந்து கியாஸுத்தீன் ஜம்ஷீத் அல்காஷீ வந்து சேர்ந்தார். அல்காஷீ தன் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. மன்னர் என்ற தோரணை இல்லாமல் உலுக் பெக் அறிஞர்களோடு அமர்ந்து விவாதித்ததை அவற்றிலிருந்து அறிகிறோம். ஆட்சியாளர் ஒருவர் தன் சபையில் மாணவராகவும் இருந்தார் என்பது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

1420களில் நகருக்கு வெளியே ஒரு மேட்டின் மீது வானாய்வகம் எழுந்தது. வட்ட வடிவிலான மூன்று மாடிக் கட்டடம். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட இன்னும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் இருந்த காலம் அது. கண்ணால் பார்த்துத்தான் அளக்க வேண்டும். ஆகவே கருவியைப் பெரிதாக்குவதே வழி. சுமார் 40 மீற்றர் ஆரமுள்ள பிரமாண்டமான வளைவொன்றை வடக்குத் தெற்காக அமைத்தார்கள். அதன் கீழ்ப்பகுதி நிலத்தைக் குடைந்து இறங்கியது. நண்பகலில் சூரியன் உச்சியைக் கடக்கும்போது அதன் ஒளி அந்த வளைவில் விழும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய வளைவில் ஒரு பாகை சுமார் 70 சென்ரிமீற்றர் நீளம் பெறும். பாகையின் அறுபதில் ஒரு பங்கு கூட ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டும். அதனால்தான் நுணுக்கமாக அளக்க முடிந்தது.

1437இல் உருவான ‘ஸீஜே சுல்தானீ’ என்ற அட்டவணை நூலில் 1018 நட்சத்திரங்களின் இடங்கள் பதிவாகின. அதற்கு முன்னர் பலரும் தொலமியின் பழைய எண்களையே காலத்துக்கேற்பத் திருத்திப் பயன்படுத்தி வந்தனர். சமர்கந்தில் பெரும்பாலானவற்றைப் புதிதாகவே பார்த்து அளந்தார்கள். ஓர் ஆண்டின் நீளத்துக்கு அவர்கள் கண்ட கணக்கு இன்றைய கணக்கிலிருந்து ஒரு நிமிடமளவே விலகுகிறது.

1447இல் ஷாருக் இறந்ததும் அரியணைப் போட்டி மூண்டது. உலுக் பெக்கின் சொந்த மகன் அப்துல் லத்தீபே படை திரட்டி வந்தார். 1449இல் தோற்றுப்போன தந்தை ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி பெற்றுப் புறப்பட்டார். வழியிலேயே மகனின் ஏற்பாட்டில் அவரது தலை துண்டிக்கப்பட்டது. அந்த மகனும் சுமார் ஆறு மாதங்களில் கொல்லப்பட்டார். 1941இல் சமர்கந்தின் கூரே அமீர் அடக்கஸ்தலத்தில் உலுக் பெக்கின் கப்றைத் திறந்து பார்த்த ஆய்வாளர்கள், கழுத்தெலும்பு வெட்டப்பட்டிருந்ததையும், உடுத்திருந்த ஆடையோடே அவர் அடக்கம் செய்யப்பட்டிருந்ததையும் கண்டார்கள்.

அவர் கொல்லப்பட்ட அன்றே வானாய்வகம் தரைமட்டமானதாகச் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் 1497இல் சமர்கந்தைக் கைப்பற்றிய பாபர், அந்த மூன்று மாடிக் கட்டடத்தைப் பற்றித் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே அது ஒரே நாளில் விழவில்லை. கவனிப்பாரின்றிச் சிதைந்து, கடைசியில் அது இருந்த இடமே மறந்துபோனது.

நூல் தப்பியது. அவரது மாணவர் அலீ குஷ்ஜி பின்னர் இஸ்தான்புல் சென்று சுல்தான் முஹம்மத் பாதிஹிடம் பணியாற்றினார். அவர் வழியாகச் சமர்கந்தின் கல்வியும் உஸ்மானிய நாட்டை அடைந்தது. 1665இல் ஒக்ஸ்போர்ட்டில் தோமஸ் ஹைட் அந்த நட்சத்திர அட்டவணையை அச்சிட்டார்.

கட்டடத்தைத் தேடியவர் வியாத்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர். 17ஆம் நூற்றாண்டின் வக்பு ஆவணமொன்றில் காணியின் எல்லையைக் குறிக்கும் இடத்தில் வானாய்வகத்தின் பெயர் வந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1908இல் மண்ணைத் தோண்டினார். நிலத்துக்கடியில் இருந்த வளைவின் பகுதி மட்டும் அப்படியே கிடந்தது. இன்று அதன் மேல் கூரை அமைத்துப் பாதுகாக்கிறார்கள். அருகில் ஒரு நூதனசாலையும் இருக்கிறது. வியாத்கினின் கல்லறையும் அந்த மேட்டிலேயே உள்ளது.

உலுக் பெக்கை நாம் பெருமைக்காக மட்டும் நினைவுகூர்வதில் பயனில்லை. அவரைக் கொன்றது அந்நியரல்ல. அவருடைய வானாய்வகத்தைச் சிதைய விட்டவர்களும் அந்த மண்ணின் மக்களே. ஆனால் யாரோ ஓர் எழுத்தர் எல்லையை ஒழுங்காக எழுதி வைத்தார். யாரோ சிலர் அந்தக் கடதாசியைப் பல தலைமுறைகள் காத்து வைத்தார்கள். அவர்களது பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் இல்லையென்றால் அந்த மேடு இன்றும் வெறும் மண்மேடுதான்.

எங்கள் பள்ளிவாசலில் எஞ்சியிருந்த பக்கங்களைப் படம் பிடித்து மூன்று பேரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். பிந்திச் செய்த வேலைதான். உங்களது ஊர்ப் பள்ளிவாசலின் அலுமாரியை இந்த வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.