வெற்றிலை போட்டு மயங்கி விழுந்த வெனிஸ் பையன்!

புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இப்போது இத்தாலி நாட்டுச் சாப்பாடு கிடைக்கிறது. குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுகிறார்கள். புதிய ருசி என்று பிள்ளைகளுக்குக் குஷி!

300 ஆண்டுகளுக்கு முன்பு, இதே ஊரில் ஓர் இத்தாலிக்காரர் வாழ்ந்தார். நம் நாட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, இங்கேயே கிழவர் ஆனவர் அவர். பெயர், நிக்கோலோ மனூச்சி.

பசி காட்டிக் கொடுத்தது

மனூச்சி 1638-ம் ஆண்டு வெனிஸ் நகரில் பிறந்தார். உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று சிறு வயதிலேயே ஆசை. 14 வயதில், வீட்டுக்குத் தெரியாமல் ஒரு கப்பலில் ஏறி ஒளிந்து கொண்டான் பையன்.

எவ்வளவு நேரம் ஒளிந்திருக்க முடியும்? பசி வயிற்றைக் கிள்ளியது. வெளியே வந்து விட்டான்.

அதே கப்பலில் பெல்லமாண்ட் என்ற ஆங்கிலப் பிரபு இருந்தார். அவர் இரக்கப்பட்டுப் பையனைத் தன்னுடன் சேர்த்துக் கொண்டார். இருவரும் துருக்கி, பாரசீகம் வழியாக 1656-ல் சூரத் துறைமுகம் வந்து சேர்ந்தார்கள்.

ரத்தமா? இல்லை!

சூரத்தில் எல்லோரும் சிவப்பாகத் துப்பிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் என்று நினைத்து மனூச்சி திகைத்துப் போனான். அது வெற்றிலைச் சாறு என்று ஓர் ஆங்கிலப் பெண்மணி விளக்கினார்.

பையனும் வெற்றிலை போட்டுப் பார்த்தான். அவ்வளவுதான்! தலை சுற்றிக் கீழே விழுந்தான். அந்தப் பெண்மணி அவன் வாயில் உப்பைப் போட்ட பிறகே தெளிந்தது.

அதே ஆண்டில் பெல்லமாண்ட் பிரபு வழியிலேயே இறந்து போனார். முன்பின் தெரியாத நாட்டில் பையன் அனாதை ஆனான்.

மாதம் 80 ரூபாய்

ஷாஜகானின் மூத்த மகன் தாரா, மனூச்சியைத் தன் பீரங்கிப் படையில் சேர்த்துக் கொண்டார். சம்பளம் மாதம் 80 ரூபாய்.

1658-ல் நடந்த போரில் தாரா தோற்றார். அவரை வென்ற தம்பி அவுரங்கசீப்பிடம் வேலை பார்க்க மனூச்சிக்கு மனம் வரவில்லை. பிறகு வைத்தியத் தொழிலில் இறங்கினார். பள்ளியில் படித்த வைத்தியம் அல்ல. பழக்கத்தில் வந்த வைத்தியம்!

கோவாவுக்கும் போனார். அங்கே தின்ற மாம்பழங்களை அவரால் மறக்க முடியவில்லை. பீச், பேரி, ஆப்பிள் என்று தன் ஊர்ப் பழங்களின் ருசி எல்லாம் அவற்றில் இருந்ததாக எழுதி வைத்தார்.

600 வகை விருந்து

ஊருக்குத் திரும்பி விடலாமா என்று ஒரு கட்டத்தில் எண்ணினார். அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் தலைவராக இருந்த பிரான்சுவா மார்த்தேன், இங்கேயே கல்யாணம் செய்து கொண்டு தங்கும்படி யோசனை சொன்னார். 1686-ல் சென்னையில், எலிசபெத் என்ற விதவையை மணந்தார் மனூச்சி.

1701-ல் நவாப் தாவூத்கானால் சென்னைக்கு ஆபத்து நெருங்கியது. பாரசீக மொழி தெரிந்த மனூச்சியை ஆங்கிலேய கவர்னர் பிட் தூது அனுப்பினார். பின்னர் கோட்டைக்கு வந்த நவாபுக்கு, சிறிதும் பெரிதுமாக 600 வகைப் பதார்த்தங்களுடன் விருந்து நடந்தது.

ஆனாலும் மறு ஆண்டே நவாபின் படை சென்னையை முற்றுகை இட்டது!

பறிபோன புத்தகம்

தான் கண்டது, கேட்டது எல்லாவற்றையும் மனூச்சி பெரிய நூலாக எழுதியிருந்தார். அதை பாரீசுக்கு அனுப்பினார். அங்கே கத்ரூ என்ற பாதிரியார் அதைத் தன் இஷ்டம்போல் மாற்றி, 1705-ல் வெளியிட்டு விட்டார்.

ஆயுள் முழுவதும் சேர்த்த உழைப்பு! மனூச்சி கொதித்துப் போனார். தன்னிடம் இருந்த கையெழுத்துப் பிரதியைத் தாய்நாடான வெனிசுக்கு அனுப்பி வைத்தார்.

1706-ல் மனைவி இறந்தார். அதன் பிறகு மனூச்சி புதுச்சேரியில் குடியேறினார்.

1717-ம் ஆண்டு வாக்கில் அவர் காலமானார். பிறந்த ஊரை விட்டு 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், ஒருமுறைகூட அங்கே திரும்பிப் போகவில்லை. அவர் எழுதிய புத்தகம்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த நூல் 200 ஆண்டுகள் கழித்து, 1907-08ல் ஆங்கிலத்தில் முழுமையாக வந்தது. இன்று மொகலாயர் வரலாறு எழுதுவோர் மனூச்சியைத் தேடிப் படிக்கிறார்கள்.

புதுச்சேரியில் இத்தாலிச் சாப்பாடு சாப்பிட்டு விட்டு, வெற்றிலை போடுகிறீர்களா? வெற்றிலைக்கு மயங்கி விழுந்து, பிறகு இந்த மண்ணையே வீடாக்கிக்கொண்ட அந்தப் பையனை நினைத்துக் கொள்ளுங்கள்!