இரு மொழிகளுக்கிடையே ஒரு மாமனிதர்



பாடங்களைத் தாய்மொழியில் கற்பதா, ஆங்கிலத்தில் கற்பதா? நம் இல்லங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. நூறாண்டுகளுக்கு முன்பே வட இந்தியாவில் இக்கேள்வியோடு வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவர் உண்டு. அவர்தாம் சர் சையது அகமது கான்.

1817ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் டில்லியில் பிறந்தார். அவரது குடும்பம் மொகலாய அரசவையோடு தொடர்புடையது. இளமையில் பாரசீகமும் அரபும் கற்றார். ஆங்கிலப் பள்ளியில் பயிலவில்லை. 1838இல் தந்தையார் மறையவே, கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றப் பணியில் சேர்ந்தார்.

நாட்டில் மொழிகளின் நிலை மாறிக்கொண்டிருந்த காலம் அது. நீதிமன்றங்களில் பாரசீகத்தை நீக்க 1837ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. வட இந்தியாவில் அவ்விடத்தை உருது பெற்றது. ஆனால் 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கே அரசுப் பணியில் முன்னுரிமை என்று அறிவித்தார். வழக்காட உருது, உயர்பதவிக்கு ஆங்கிலம் என்றாயிற்று!

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் டில்லி சிதைந்தது. உறவினர் பலரை இழந்தார்; துன்புற்ற அன்னையும் அவ்வாண்டே கண்மூடினார். துயரில் மூழ்கிவிடாமல், மக்களை உயர்த்தக் கல்வியே வழி என்று துணிந்தார். 1864இல் காஜிப்பூரில் அறிவியல் சங்கம் ஒன்றை நிறுவி, ஆங்கில நூல்களை உருதுவில் பெயர்க்கச் செய்தார். 1866இல் தொடங்கிய சங்கத்தின் இதழ் இரு மொழிகளிலும் வெளிவந்தது. உயர்கல்வியை நாட்டு மொழியிலேயே தரவேண்டும் என்று 1867இல் அவரும் நண்பர்களும் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். அது நிறைவேறவில்லை.

1869இல் மைந்தர்களுடன் இங்கிலாந்து சென்று, அங்குள்ள கல்விமுறையை நேரில் கண்டார். நாளடைவில் அவர் எண்ணம் மாறியது. பெயர்ப்பு நூல்கள் மட்டும் போதா. ஆங்கிலம் அறியாத இளைஞர் அரசிலும் பொதுவாழ்விலும் பின்தங்குவர் என்று உணர்ந்தார். 1875இல் அலிகாரில் பள்ளி தொடங்கினார். அது விரைவில் கல்லூரியாக வளர்ந்தது. அங்கு உயர்வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. தம் முந்தைய கருத்து தவறு என்பதை 1882இல் கல்விக் குழுவின் முன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தாம் பாடுபட்டு வளர்த்த கருத்தைத் தாமே கைவிடுவது எளிதா, தோழியரே?

அதனால் அவர் உருதுவைத் துறந்துவிட்டாரா? இல்லை. 1870இல் தொடங்கிய தம் இதழில் எளிய, தெளிவான உருது உரைநடையை வளர்த்தார். பதவிக்கு ஆங்கிலம் வாயிலாயினும், மக்களின் உள்ளத்தைத் தொட அவர் நாடியது உருதுவையே.

அவரிடமும் ஒரு குறை இருந்தது. ஆண்கள் முதலில் கற்கட்டும், பெண்களுக்கான பள்ளிகள் பின்னர் வரட்டும் என்று எண்ணினார். 1898 மார்ச் 27ஆம் நாள் அவர் மறைந்தார். ஷேக் அப்துல்லாவும் அவர் துணைவியார் வாகித் ஜகான் பேகமும் 1906இல் அலிகாரிலேயே பெண்களுக்கெனப் பள்ளி கண்டு அக்குறையைப் போக்கினர். அவர் நிறுவிய கல்லூரி 1920இல் பல்கலைக்கழகமாயிற்று.

தோழியரே, பிற மொழியைக் கற்பதற்காகத் தாய்மொழியை மறக்க வேண்டியதில்லை. தவறு எனத் தெரிந்தபின் மனம் மாறுவதும் இழிவன்று. இவ்விரண்டையும் தம் வாழ்வால் உணர்த்திய அம்மாமனிதரை நினைவில் கொள்வோமாக!