வெற்றிடத்தில் மனிதர்களைக் கண்டவர்

பூமிக்கு அடியில் புதையல் தேடியவர்கள் நிறைய பேர் உண்டு. புதையலை விட்டுவிட்டு, மண்ணுக்குள் இருந்த வெற்றிடத்தில் மனிதர்களைக் கண்டுபிடித்தவர் ஜுசெப்பே ஃபியோரெல்லி. இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற தொல்பொருள் ஆய்வாளர்.

ரோமப் பேரரசில் பாம்பேயி என்றொரு அழகிய நகரம் இருந்தது. கி.பி. 79-ம் ஆண்டில், அருகிலிருந்த வெசுவியஸ் எரிமலை வெடித்தது. கற்களும் சாம்பலும் மழைபோல் கொட்டி, நகரையே மூடிவிட்டன. தப்பியோட முடியாத மக்கள் அங்கேயே மடிந்தனர்.

சுமார் 1,700 ஆண்டுகள் கழித்து, 1748-ல் அங்கே தோண்டும் பணி தொடங்கியது. ஆனால், தோண்டியவர்களின் கவனமெல்லாம் மன்னரின் சேகரிப்புக்கான சிலைகள், நகைகள் மீதுதான் இருந்தது. சுவர் ஓவியங்களைக்கூட வெட்டி எடுத்துச் சென்றனர்.

இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் 1823-ம் ஆண்டு ஜூன் 8-ம் தேதி பிறந்தார் ஃபியோரெல்லி. படித்தது சட்டம், மனம் போனதோ பழங்கால நாணயங்களின் பக்கம். அந்த ஆர்வமே அவரைப் பாம்பேயிக்கு அழைத்துச் சென்றது. இளம் வயதிலேயே அங்கு வேலை கிடைத்தது.

அது நீடிக்கவில்லை. நேபிள்ஸில் அப்போது மன்னராட்சி நடந்தது. 1848-ல் ஐரோப்பாவின் பல நாடுகளில் புரட்சி வெடித்தது. ஃபியோரெல்லி மாற்றத்தை விரும்புபவர் என்பதால் சிறையில் அடைக்கப்பட்டார். வேலையும் பறிபோனது. விடுதலையான பிறகு அவருக்கு வேலை கொடுத்து ஆதரித்தவர் யார் தெரியுமா? அதே மன்னரின் தம்பி!

1860-ல் நேபிள்ஸில் அந்த மன்னர் குடும்பத்தின் ஆட்சி வீழ்ந்தது. ஃபியோரெல்லி மீண்டும் பாம்பேயிக்கு வந்தார். 1863-ல் அகழாய்வுப் பணி முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது.

அதுவரை முதலில் தெருக்களைத் தோண்டிவிட்டு, பிறகு பக்கவாட்டில் வீடுகளுக்குள் நுழைவார்கள். இதனால் மேல்தளங்கள் இடிந்து விழுந்தன. மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காக மண்ணை அகற்றும்படி ஃபியோரெல்லி மாற்றினார். நமக்கு வார்டு, தெரு, கதவு எண் இருப்பதுபோல, பாம்பேயி நகரை 9 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாசலுக்கும் எண் கொடுத்தார். ஆய்வாளர்கள் இன்றும் அந்த எண்களைத்தான் பயன்படுத்துகின்றனர். கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் நகரைப் பார்க்க வழி செய்தார்.

அவரது மிகப் பெரிய சாதனை இனிமேல்தான் வருகிறது. தோண்டும்போது சாம்பலுக்குள் ஆங்காங்கே குழிகள் தென்பட்டன. உள்ளே எலும்புகள் கிடந்தன. ஃபியோரெல்லிக்குக் காரணம் புரிந்தது. இறந்தவர்களைச் சுற்றிப் படிந்த சாம்பல் கெட்டியாகிவிட்டது. பிறகு உடல் மக்கிப்போக, அதன் வடிவம் மட்டும் வெற்றிடமாக நின்றுவிட்டது!

குழி தென்பட்டால் தோண்டுவதை உடனே நிறுத்தச் சொன்னார். சிறு துளை வழியே பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றச் செய்தார். இட்லித் தட்டில் ஊற்றிய மாவு குழியின் வடிவத்தைப் பெறுமல்லவா? அதைப்போல, சாந்து இறுகியதும் சுற்றியிருந்த சாம்பலை அகற்றினார்கள். 1863 பிப்ரவரியில் அப்படி வெளிப்பட்டவர்கள், உயிர் பிழைக்க ஓடிச் சந்து ஒன்றில் விழுந்த நான்கு பேர். ஆடையின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. பார்த்தவர்கள் கலங்கிப் போனார்கள். 1874-ல் கிடைத்த இன்னொரு வடிவம், கட்டிப்போட்டதால் தப்ப முடியாமல் இறந்த ஒரு நாய்.

1875-ல் ஃபியோரெல்லி ரோம் நகருக்குச் சென்று, நாட்டின் தொல்பொருள் துறைக்குத் தலைமை ஏற்றார். 1896-ம் ஆண்டு ஜனவரி 28-ம் தேதி நேபிள்ஸில் காலமானார்.

அவர் காட்டிய வழியில் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் பலவற்றுக்குள் எலும்புகள் இன்னும் இருக்கின்றன. 2024-ல் வெளியான மரபணு ஆய்வு, தாயும் பிள்ளையும் என்று நம்பப்பட்ட இருவர் உறவினர்களே அல்ல, அந்தத் 'தாய்' உண்மையில் ஓர் ஆண் என்று காட்டியது.

தங்கம் தேடியவர்களின் கண்ணுக்கு அந்தக் குழிகளில் ஒன்றுமே இல்லை. ஃபியோரெல்லியின் கண்ணுக்கோ, அங்கே மனிதர்கள் இருந்தார்கள்.