கேட்கத் தெரிந்த போதகர்



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பில் சிறிது நேரம் பின்வரிசையில் அமர்ந்திருப்பது நமக்கு வழக்கம். ஆசிரியை கேள்வியைக் கேட்டு முடிக்குமுன்பே நாலைந்து கைகள் உயர்ந்துவிடும். கேள்வி என்னவென்று திரும்பக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பிள்ளைகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கையில், அடுத்து நாம் என்ன சொல்லலாம் என்று யோசிப்பவர்கள்தானே நம்மில் பெரும்பாலோர்! ஒப்புரவு அருளடையாளத்தில் அமர்ந்திருக்கும் குருவுக்கும் இந்தச் சோதனை உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நம் மதுரை மண்ணில் வாழ்ந்த ஓர் ஆசிரியரின் வாழ்வை மீண்டும் எடுத்துப் படித்தோம். அவர் இராபர்ட் தே நொபிலி. அன்றைய மதுரை மக்கள் அறிந்திருந்த பெயர் தத்துவ போதகர். பெயரிலேயே ஆசிரியர். ஆனால் அவரது வாழ்வில் நம்மைக் கவர்வது அவர் போதித்த ஆண்டுகளைவிட அதற்கு முன் அவர் மாணவராக அமர்ந்திருந்த நாள்களே.

இத்தாலியின் மொந்தெபுல்சியானோ நகரைச் சேர்ந்த உயர்குடியில் 1577ஆம் ஆண்டு பிறந்தவர் நொபிலி. கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவினர். இயேசு சபையில் சேர்ந்து 1605ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து இறங்கினார். பின் முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தமிழ் கற்று, 1606ஆம் ஆண்டு நவம்பரில் மதுரைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 29. இன்று நாம் காணும் திருமலை நாயக்கர் மகால் எழுவதற்கு முப்பது ஆண்டுகள் இருந்தன. ஆயினும் மதுரை அன்றே கல்விக்குப் பேர்போன நகரம். இங்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருநூறு முந்நூறு பேர் கொண்ட வகுப்புகளாக ஆசிரியர்களிடம் பயின்றார்கள் என்றும், நாயக்க மன்னர் அளித்த மானியத்தில் அக்கல்வி நடந்தது என்றும் 1610ஆம் ஆண்டு கடிதம் ஒன்றில் அவரே குறித்துவைத்தார்.

அவர் வரும்போது மதுரையில் ஏற்கெனவே ஒரு சிற்றாலயம் இருந்தது. கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் முதிய போர்த்துக்கீசிய அருள்தந்தை அதை நடத்திவந்தார். முன்பு போர்வீரராக இருந்தவர். சிறுவர்களுக்கு ஒரு பள்ளி, நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க ஒரு சிறு இல்லம், வணிகத்துக்காகக் கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரவ கிறிஸ்தவர்களுக்குத் திருப்பலி என்று உழைத்தார். பதினோரு ஆண்டுகள் உழைத்தும் மதுரைக்காரர் ஒருவர்கூடத் திருமுழுக்குப் பெறவில்லை. மக்கள் அவர்களைப் பரங்கிகள் என்று அழைத்தார்கள். திருமுழுக்குப் பெற வருபவரிடம் பரங்கிகளின் குலத்தில் சேர விரும்புகிறாயா என்று கேட்கும் வழக்கமும் அப்போது இருந்ததாம்! கேட்டவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் என்ன என்று பார்க்கத் தோன்றவில்லை. பரங்கி என்றால் கிறிஸ்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஊராருக்கோ அது குளிக்காத, மது அருந்துகிற, மாட்டிறைச்சி உண்ணுகிற அந்நியர்களைக் குறிக்கும் இழிசொல்.

இளைஞரான நொபிலி அந்த ஒரு சொல்லைக் கவனித்தார். அவரது பணி முழுவதும் அந்தக் கவனிப்பிலிருந்தே தொடங்குகிறது.

1607ஆம் ஆண்டில் அவர் தனி இல்லத்துக்குக் குடிபெயர்ந்தார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு, காவியும் மரக்கட்டைப் பாதுகையும் அணிந்தார். நாளுக்கு ஒரே வேளை உணவு. சோறு, காய்கறி, பால். வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. படித்தார், செபித்தார், வந்தவர்களிடம் பேசினார். இதை வேடம் என்று அன்றும் சிலர் சொன்னார்கள், இன்றும் சொல்பவர்கள் உண்டு. வேடம் போடுபவர் நாற்பது ஆண்டு ஒரே வேளை உண்டு வாழ்வாரா என்று நமக்குத் தோன்றுகிறது.

அவரைத் தேடி வந்தவர்களில் முதன்மையானவர் பெர்னாண்டசின் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த சைவரான ஓர் ஆசிரியர். இறைவன் ஒருவரா, உலகம் எப்படி உண்டாயிற்று, மறுபிறவி உண்டா என்று இருபது நாள்கள், நாளுக்குப் பல மணி நேரம் இருவரும் வாதிட்டார்கள். இருபது நாள்கள்! பங்கில் யாராவது அரைமணி நேரம் எதிர்க்கேள்வி கேட்டால் நமக்கு முகம் சுளித்துவிடுகிறது. அந்த ஆசிரியர் முடிவில் திருமுழுக்குப் பெற்றார். தன் கேள்விகளை ஒருவர் இறுதிவரை கேட்டார் என்பதற்காகவே ஒருவேளை இன்னொரு நாளும் வந்திருப்பார் போலும்.

அடுத்தவர் சிவதர்மர் என்னும் தெலுங்குப் பிராமணர். இவர்தாம் நொபிலிக்கு வடமொழி கற்பித்த குரு. வேத நூல்களை அயலானுக்குச் சொல்லிக்கொடுப்பது தெரிந்தால் கடும் தண்டனை கிடைக்கும் என்ற அச்சம் இருந்த காலம் அது. அப்படியும் சிவதர்மர் கற்பித்தார். உரோமையில் இறையியல் முடித்து வந்தவர், ஒரு மதுரைக்காரருக்கு முன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவராக அமர்ந்தார். வேத நூல்களை ஓர் ஐரோப்பியர் நேரடியாகக் கற்றது அதுவே முதல் முறை என்பார்கள். மறுப்பதற்காகத்தானே கற்றார் என்று கேட்கலாம். ஆம், அந்த நோக்கமும் இருந்தது. அவரது நூல்களில் மறுப்புகள் நிறையவே உள்ளன, சில இடங்களில் கடுமையாகவும் உள்ளன. ஆனால் மறுக்க விரும்புவதை முதலில் அதைப் போற்றுபவரின் வாயிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒழுக்கம் அவரிடம் இருந்தது. சிவதர்மர் 1609ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றார். குடுமியையும் பூணூலையும் அவர் விடவில்லை. அவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக அடையாளங்களே என்பது நொபிலியின் முடிவு.

இங்கேதான் வழக்கு எழுந்தது. முதியவர் பெர்னாண்டஸ் 1610ஆம் ஆண்டு மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நொபிலி விளக்கம் எழுதினார். கோவாவில் 1619ஆம் ஆண்டு கூடிய அவையில் பெரும்பாலோர் அவருக்கு எதிராக நின்றார்கள். கடைசியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், பூணூலும் குடுமியும் போன்ற வழக்கங்களை உரிய நிபந்தனைகளோடு அனுமதித்தார். பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார் நொபிலி. பெர்னாண்டசின் கதை அந்த வெற்றியோடு முடிந்துவிடுவது போலத்தான் பலரும் எழுதுகிறார்கள்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது நாமும் அப்படித்தான் படித்தோம். பெர்னாண்டஸ் புரியாத கிழவர், நொபிலி மேதை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை. ஏழைகளின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, புண்ணுக்கு மருந்திட்டு வாழ்ந்த ஒருவரின் ஆலயத்துக்கு, தம் சக குரு பகலில் வரத் தயங்குகிறார். வந்தால் பிறர் கண்ணில் படாமல் இரவில் வருகிறார். அந்த முதியவரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? பிராமணரிடம் ஆண்டுக்கணக்கில் காதுகொடுத்தவர், அடுத்த வீட்டுப் பெர்னாண்டசிடம் அதே பொறுமையுடன் இருந்தாரா என்பது நம்மைத் தைக்கும் கேள்வி.

பரவர்களோடும் ஒடுக்கப்பட்ட மக்களோடும் நெருங்கிப் பழகினால் உயர்சாதியார் தம்மிடம் வரமாட்டார்கள் என்று அவர் விலகியிருந்தார். சாதி என்பது வெறும் சமூக ஏற்பாடு என்று கருதி, அதை உள்ளபடியே விட்டுவைத்தார். அக்காலத்து ஐரோப்பியருக்கும் குலப்பெருமை இயல்பாக இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். 1640ஆம் ஆண்டில் பல்தசார் தெ கோஸ்தா பண்டாரசாமியாகக் கோலம் பூண்டு எளிய மக்களிடையே பணியைத் தொடங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வழியில்தான் மறைபணி நம் ஊர்ப்புறங்களில் பரவியது. எனினும் அன்று தொடாமல் விட்ட புண் இன்னும் ஆறவில்லை. கல்லறையிலும்கூடச் சாதிக்கொரு பக்கம் பார்க்கும் ஊர்கள் நம்மிடையே உள்ளன. நொபிலியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச நமக்கு மனம் வரவில்லை. மிகக் கூர்மையாகக் கவனித்த ஒருவருக்கும் கண்ணில் விழாத ஓர் இடம் இருந்தது.

அவரது தமிழுக்கு வருவோம். அவருக்கு முன் கடற்கரையில் செபங்கள் தமிழில் இருந்தன. ஆனால் அருளுக்குக் கிராசா, திருச்சபைக்கு இகிரேசா, திருப்பலிக்கு மிசா என்று போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே நின்றன. நொபிலி மக்களின் வாயில் இருந்த சொற்களைத் தேடினார். கோவில், குரு, பூசை, அருள், பிரசாதம், வேதம் ஆகியவை கத்தோலிக்கர் நாவில் நிலைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பாட்டிமார்கள் தேவ இஷ்டப்பிரசாதம் என்று சொல்லக் கேட்டவர்களுக்கு அந்த நடை தெரியும். வடமொழி மிகுந்த நடைதான்; இன்றைய நம் திருப்பலித் தமிழ் அதைவிட எளியது. ஆயினும் தத்துவக் கருத்துகளைத் தமிழ் உரைநடையில் விரிவாக எழுதிய முன்னோடிகளில் அவர் ஒருவர். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம், நித்திய ஜீவன சல்லாபம் என நூல்கள் நீள்கின்றன. இவற்றில் சில குருவும் சீடரும் உரையாடும் முறையில் உள்ளன. சீடன் எளிதில் ஒத்துக்கொள்ளமாட்டான். ஐயத்தைக் கிளப்புவான், குரு பதில் சொல்வார். அந்த இருபது நாள்களை இப்பக்கங்களில் நாம் மீண்டும் கேட்பதுபோல் இருக்கும்.

1623ஆம் ஆண்டுக்குப் பின் திருச்சி, சேலம் பகுதிகளுக்கும் நடந்தார். 1640ஆம் ஆண்டில் கலகம் மூண்டபோது சிறையில் அடைக்கப்பட்டார். பார்வை மங்கத் தொடங்கியது. 1645ஆம் ஆண்டு, முப்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த மதுரைப் பணியைவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். பின் மயிலாப்பூர் வந்து, ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தங்கினார். உணவு முறையை அங்கும் மாற்றவில்லை. ஓலையைப் படிக்கக் கண் உதவவில்லை. ஆகவே தம் நூல்களைத் திருத்தவும் சேர்க்கவும் வேண்டியவற்றை அருகில் இருந்தவர்களிடம் சொல்ல, அவர்கள் எழுதினார்கள். 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், தம் 78ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கை உயர்த்தினான். சிவதர்மருக்கு அவர் சம்பளம் கொடுத்தாரா என்று கேட்டான். நமக்குப் பதில் தெரியவில்லை, அடுத்த ஞாயிறு பார்த்துச் சொல்கிறோம் என்றோம்.