வாஞ்சி மணியாச்சி

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, விருதுநகர், சாத்தூர், கோவிற்பட்டி ஆகிய ஊர்களைக் கடந்து, கரிசல் நிலத்தினூடே சென்று ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை தூத்துக்குடிக்கும், மற்றொன்று திருநெல்வேலிக்கும் செல்லும். அவ்விடமே மணியாச்சி. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 1876ஆம் ஆண்டில் புகைவண்டி ஓடத் தொடங்கியது. அதனால், வானம் பார்த்த நிலத்திடையே கிடந்த அச்சிற்றூர், பயணிகள் வண்டி மாறும் சந்திப்பாயிற்று. இன்று அந்நிலையம் வாஞ்சி மணியாச்சி எனப் பெயர் பூண்டு விளங்குகின்றது. ஊர்ப்பெயரின் முன்னே ஓர் இளைஞரின் பெயர் அமைந்த வரலாற்றை அறிவோம்.

வாஞ்சிநாதன் 1886ஆம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தார். தந்தையார் இரகுபதி ஐயர். தாயார் உருக்குமணி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன் என்பதாகும். செங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் கல்வி பயின்ற அவர், பொன்னம்மாளை மணந்து, புனலூரில் திருவிதாங்கூர் அரசின் காட்டிலாகாவில் பணியாற்றினார். ஊதியமும் இல்லறமும் அமைந்த வாழ்க்கை அது.

அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமை கொந்தளித்திருந்தது. ஆங்கிலேயர் கப்பலுக்குப் போட்டியாக, வ. உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கழகத்தை நிறுவினார். 1908ஆம் ஆண்டில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். கிளர்ந்தெழுந்த நெல்லை மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, நால்வர் மாண்டனர். அடக்குமுறையில் முன்னின்றவர் ஆஷ் துரை என்று மக்கள் கருதினர். அவரே பின்னர்த் திருநெல்வேலி மாவட்ட ஆட்சித்தலைவராகவும் அமர்ந்தார். வாஞ்சிநாதன், நீலகண்ட பிரமசாரி முதலியோர் நடத்திய மறைமுகச் சங்கத்திற் சேர்ந்தார்.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் காலை, ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். அவர் ஏறிவந்த வண்டி, தூத்துக்குடியிலிருந்து வரும் இணைப்பு வண்டிக்காக மணியாச்சியில் நின்றது. வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டியை அணுகி அவரைச் சுட்டார். பகைவர் கையில் அகப்படாமல், நிலையத்திலேயே தம்மையும் சுட்டுக்கொண்டு உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பின்னர் நடந்த வழக்கில் நீலகண்ட பிரமசாரியும் தோழர் பலரும் தண்டனை பெற்றனர்.

ஆஷ் துரைக்குத் தூத்துக்குடியில் நினைவு மண்டபம் எழுந்தது. வாஞ்சிநாதனுக்கோ நெடுங்காலம் பெயர் தாங்கும் கல்லும் இல்லை. இளமையிலேயே கணவரை இழந்த பொன்னம்மாள் அத்துயரை வாழ்நாளெல்லாம் சுமந்தார். விடுதலை பெற்ற நாடு, பிற்காலத்தில் அவர் உயிர்நீத்த நிலையத்திற்கே அவர் பெயரைச் சூட்டியது.

கொலை எத்துணைத் தூய நோக்கத்தால் நேரினும் அறமாகாது என்பது காந்தியடிகள் கொள்கை. நம் நாடு அவ்வழியே நின்று விடுதலை பெற்றது. ஆதலின் அப்பெயர், வாஞ்சிநாதன் சென்ற வழியிற் செல்லுமாறு நம்மைப் பணிப்பதன்று. தந்நலம் துறந்து நாட்டை நினைந்த உள்ளத்தை மறவாதிருக்குமாறு உணர்த்துவது. மணியாச்சி வழியே செல்லும் மாணவர் அப்பெயர்ப்பலகையைக் காணும்போது, நாம் நுகரும் உரிமைக்குப் பிறர் தந்த விலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.