ஈ. வெ. கி. சம்பத்

ஈ. வெ. கி. சம்பத் (மார்ச் 5, 1926 - பெப்ரவரி 23, 1977) தமிழக அரசியல்வாதியும் சொற்பொழிவாளரும் ஆவார். சொல்லின் செல்வர் என அழைக்கப்பட்டார். திராவிட முன்னேற்றக் கழகத்தைத் (தி.மு.க) தோற்றுவித்த ஐம்பெருந்தலைவர்களுள் ஒருவரான இவர், பின்னர் அக்கட்சியிலிருந்து விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார்.

தொடக்க காலம்

சம்பத், ஈ. வெ. இராமசாமிப் பெரியாரின் தமையனார் ஈ. வெ. கிருஷ்ணசாமியின் மகன். திராவிடர் கழகத்தில் பெரியாரின் வாரிசாகக் கருதப்பட்டவர். 1949 இல் பெரியார் மணியம்மையை மணந்ததை ஒட்டி எழுந்த பிளவில், கா. ந. அண்ணாதுரையுடன் வெளியேறினார். 1957 இல் நாமக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960 இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் குடியரசுத் தலைவருக்குக் கறுப்புக்கொடி காட்டத் தி.மு.க முடிவு செய்தது. அப்போது பிரதமர் நேரு மொழி குறித்த உறுதிமொழியைக் கடிதமாகச் சம்பத்துக்கே எழுதினார். அதன்பின் போராட்டம் கைவிடப்பட்டது.

பிரிவு

கட்சியில் திரைப்படத் துறையினரின் செல்வாக்கு வளர்வதைச் சம்பத் விரும்பவில்லை. திராவிட நாடு கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது எனவும் கருதினார். 1961 ஏப்ரலில் விலகித் தமிழ்த் தேசியக் கட்சியை நிறுவினார். கவிஞர் கண்ணதாசன், பழ. நெடுமாறன் முதலியோர் உடன் சென்றனர். இந்திய ஒன்றியத்துக்குள், பிரிந்து செல்லும் உரிமையுடன் கூடிய தன்னாட்சித் தமிழகம் என்பது அக்கட்சியின் கோரிக்கை.

1962 தேர்தல்

கட்சி தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் பொதுத்தேர்தல் வந்தது. சம்பத் நாமக்கல்லை விடுத்து, மயிலாப்பூர், தியாகராய நகர் முதலிய பகுதிகளைக் கொண்ட தென் சென்னையில் போட்டியிட்டார். 1957 இல் காங்கிரசின் டி. டி. கிருஷ்ணமாச்சாரி வென்ற தொகுதி இது. இம்முறை தி.மு.க வேட்பாளர் நாஞ்சில் மனோகரன் வெற்றி பெற்றார். சம்பத் தோல்வியுற்றார்; அவரது கட்சி ஓரிடமும் பெறவில்லை. தி.மு.க சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்று முதன்மை எதிர்க்கட்சியானது.

எனினும், 1963 இல் பிரிவினையை ஆதரிப்போர் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியபோது, தி.மு.கவும் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. பிளவுக்குக் காரணமான கருத்து வேறுபாடுகளுள் ஒன்று, தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இவ்வாறு பொருளற்றதாயிற்று.

பிற்காலம்

1964 இல் சம்பத் தம் கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தார். 1967 இல் தென் சென்னையில் அண்ணாதுரையே மக்களவைக்கு வென்று, பின்னர் முதலமைச்சரானார். சம்பத் 1977 இல் தம் 50 ஆம் அகவையில் காலமானார். இவருடைய துணைவியார் சுலோசனா சம்பத் அ.இ.அ.தி.மு.கவில் பணியாற்றினார். மகன் ஈ. வெ. கி. ச. இளங்கோவன் தமிழகக் காங்கிரசுத் தலைவராகவும் நடுவண் அமைச்சராகவும் விளங்கி 2024 இல் மறைந்தார்.