தலைச்சுற்றின் மூலம் தேடிய வைத்தியர் பரானி

சுபஹ் தொழுகையில் சுஜூதுக்குத் தலை தாழ்த்தியதும் பள்ளிவாசலே சுழல்வதாக உணர்வோரும், படுக்கையில் புரண்டதும் கூரை சுற்றக் கண்டு அஞ்சுவோரும் கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மிடையே உள்ளனர். மலைச்சரிவுப் படிகளில் நாளாந்தம் ஏறியிறங்கும் மக்களுக்கு இது வெறும் அசௌகரியம் அன்று; விழுந்து எலும்பு முறியும் ஆபத்துமாகும். இந்நோயை ஆராய்ந்த முன்னோடியான றொபர்ட் பரானியை நாம் நினைவுகூர்தல் பொருத்தமானதே.

1876 ஏப்ரல் 22இல் வியன்னாவில் பிறந்த பரானி, சிறுவயதில் எலும்புக் காசநோயால் முழங்கால் விறைத்துப்போனவர். காது வைத்தியராகி நோயாளரின் காதை நீரால் கழுவியபோது, பலர் தலை சுற்றுவதாக முறையிட்டனர். நீர் குளிர்ந்திருப்பதே காரணம் என்றார் ஒருவர். பரானி அதனைப் புறக்கணிக்கவில்லை. சூடான நீரைச் செலுத்தியபோது கண்களின் துடிப்பு எதிர்த்திசைக்கு மாறியது. உட்காதின் திரவம் வெப்பத்தால் அசைவதே இதன் காரணம் என உணர்ந்தார். நோயாளியின் ஒரு சொல் புதியதொரு பரிசோதனைக்கு வழிகோலியது.

முதலாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராகச் சென்ற அவர், 1915இல் ரஷ்யரிடம் சிறைப்பட்டு மத்திய ஆசியாவின் மேர்வ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு தமக்குக் கிடைத்ததை அவர் அறிந்ததும் சிறையிலிருந்தபோதே. சுவீடன் இளவரசர் கார்ல், செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் தலையிட்டதால் 1916இல் விடுதலையானார். ஆயினும் பிறரது ஆய்வுகளை உரியவாறு குறிப்பிடவில்லை எனத் தாயகத்துச் சகாக்கள் குற்றஞ்சாட்டினர். மனம் நொந்த அவர் சுவீடனின் உப்சாலாவில் குடியேறினார். தலையின் நிலை மாறும்போது தோன்றும் தலைச்சுற்றை 1921இல் விவரித்த அவர், 1936 ஏப்ரல் 8இல் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து ஆய்வு தொடர்ந்தது. 1952இல் டிக்ஸ், ஹோல்பைக் ஆகியோர் நோயைக் கண்டறியும் முறையை வகுத்தனர். இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாய்க்குள் புகும் கல்சியம் காபனேற்றுத் துகள்களே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. நோயாளியைப் படுக்கவைத்துத் தலையைப் படிப்படியாகத் திருப்பி, அத்துகள்களை வெளியேற்றும் முறையை அமெரிக்கரான எப்லி 1992இல் வெளியிட்டார். சில நிமிடங்களே எடுக்கும் இச்சிகிச்சைக்குச் சத்திரசிகிச்சையோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை.

எனினும் எல்லாத் தலைச்சுற்றும் இவ்வகையன்று. பேச்சுக் குழறல், கைகால் பலவீனம் ஆகியன சேர்ந்தால் உடனே வைத்தியசாலையை நாட வேண்டும். கழுத்து நோயுள்ளோர் தாமாக முயல்வதும் தகாது. கண்ணூறு என்றோ, இரத்த அழுத்தம் என்றோ நாமே முடிவுகட்டி ஆண்டுக்கணக்கில் துன்புறுவதைவிட, தலையை எப்பக்கம் திருப்புகையில் சுற்றுகிறது என்பதை வைத்தியரிடம் எடுத்துரைப்பதே மேல். நோயாளி சொல்லவும் வைத்தியர் செவிமடுக்கவும் வேண்டும் என்பதே பரானியின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.